தலைவர் வண்டிக்கு நுரை அடித்தார்

சதாசிவம் எந்தக் காரியத்தையும் சும்மா தொடங்கியவரல்லர். திறப்பு விழா நடக்காத காரியம் தொடங்கியதாகவே ஆகாது என்பது அவருடைய கட்சி. ஜொகூரின் ஸ்கூடாயில், தாம் குடியிருக்கும் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதியில் சங்கத் தலைவராக இருந்த காலத்தில், புதிதாக வந்த குப்பைத் தொட்டிக்கு ரிப்பன் கட்டி வெட்டியவர். பேருந்து நிறுத்தத்தில் குத்துவிளக்கு ஏற்றி, காற்றில் அது அணைந்துபோன பிறகும், அணைந்த விளக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ஒளியின் மேன்மையைப் பேசி முடித்தவர். போன தேர்தலில் சங்கம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆனாலும் எல்லோரும் இன்னும் "தலைவரே" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம்மவர்கள் பதவியைத்தான் பிடுங்குவார்கள், பட்டத்தை விட்டுவைப்பார்கள். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

அந்தத் தலைவர் இப்போது ஒரு மூலை வீட்டில் தனியாக இருந்தார். மனைவி புஷ்பவள்ளி சிங்கப்பூரில் இருந்தாள். மகள் பிரவீனாவுக்குக் குழந்தை பிறந்தபோது மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவள். அந்தக் குழந்தை வளர்ந்து இப்போது அவளுடைய ஆங்கிலத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறது. முதலில் வாரா வாரம் வந்தாள். பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்தாள். கேட்டால் எல்லைப் பாலமான காஸ்வேயில் ஜாம் என்றாள். ஜாம் உண்மைதான். அந்த ஜாமில் நின்று ஊர்ப்பட்ட ஜனம் தினமும் வீடு வந்து சேர்கிறது என்பதும் உண்மைதான். இந்த இரண்டாவது உண்மையைச் சதாசிவம் கிட்டே சேர்ப்பதில்லை.

வீட்டில் வாய்விட்டுப் பேசும் இன்னொரு ஜீவன் ஐஸ்பெட்டி மட்டுந்தான். அதுவும் விட்டு விட்டுத்தான் பேசும்.

அப்போதுதான் பெக்கான் நானாஸ் போகிற வழியில், ஓர் அன்னாசித் தோட்டத்து மூலையில் அந்த வண்டியைப் பார்த்தார். இங்கிலாந்தில் செய்த மோட்டார்ஹோம். கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே உண்டு. எந்தத் துரை கொண்டுவந்து எப்போது விட்டுப்போனாரோ, நாற்பது வயது தாண்டியிருந்தது. சதாசிவம் பார்த்தபோது உள்ளே பழக்கூடைகளும் ஒரு கோழிக் குடும்பமும் குடியிருந்தன. அதை விலை பேசி வாங்கி, கோழிகளைக் காலி செய்து, என்ஜினைப் பழுது பார்த்து, தாமே ஓட்டிக்கொண்டு வந்து வீட்டுப் பக்கவாட்டில் நிறுத்தினார். வண்டியின் நெற்றியில் 'புஷ்பவள்ளி' என்று பெரிதாக எழுதவும் செய்தார். திட்டம் இதுதான்: இருவரும் அதில் ஏறிக்கொள்வது, கடலோரமாகப் போய்க்கொண்டே இருப்பது, மகளுக்கும் காஸ்வேக்கும் கை காட்டிவிடுவது.

பொங்கலுக்கு வந்த புஷ்பவள்ளி நடுப்பகலில் அந்த வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த சூட்டிலேயே இறங்கினாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இட்லிச் சட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. மொதல்ல இதக் குளுமையா பண்ணுங்க. அப்புறம் பாக்கலாம்."

அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களிடம் "பார்க்கலாம்" என்று சொல்லியே அனுப்பியவர் சதாசிவம். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் ஜொகூரில் இல்லை. இருந்தும், தமக்கென்று வந்தபோது, அதை அப்படியே நம்பினார்.

வண்டியைக் குளுமையாக்க வழி தேடி யூடியூபில் இறங்கினார். அங்கே ஒரு வெள்ளைக்காரன், பனிக்குப் பயந்து, தன் வண்டியின் உட்சுவர் முழுக்க நுரை அடித்துக்கொண்டிருந்தான். குளிரைத் தடுப்பது வெயிலையும் தடுக்கும், மழைச் சத்தத்தையும் தடுக்கும் என்று சொன்னான். சதாசிவம் உடனே வரவழைத்துவிட்டார். இரண்டு சிலிண்டர், இரண்டு குழாய், ஒரு துப்பாக்கி. இரண்டு சிலிண்டரிலும் உள்ள மருந்து துப்பாக்கியின் மூக்கில் கலந்து, நுரையாக வந்து, தகரத்தில் ஒட்டிப் பொங்கி இறுகிவிடும். ஒரே ஒரு நிபந்தனை. அடிக்கத் தொடங்கினால் நிறுத்தக் கூடாது. கொஞ்ச நேரம் கையை எடுத்தாலும் நுரை மூக்கிலேயே கல்லாகிவிடும். பிறகு மூக்கைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சுகுமாறன் வேலி வழியாக எட்டிப் பார்த்தான். சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் போய் இருட்டியபின் வருகிறவன். சனிக்கிழமைகளில் மட்டும் வாய் திறக்கிறவன்.

"எதுக்கு தலைவரே இதெல்லாம்? ஒங்க அலமாரியில இருக்கிற பொன்னாடை அத்தனையையும் செவுத்துல அடைச்சாலே போதும்லா. ஒரு சூடு உள்ள வராது."

"நீ சிரிப்ப. புஷ்பம் வந்து படுக்கிறப்ப பாரு."

"அக்கா வர்றாங்களா?"

"வராம? தொடக்க விழாவுக்கே வர்றா."

சுகுமாறன் வேலியிலிருந்து கையை எடுத்தான். "அலமாக். நுரை அடிக்கிறதுக்கு விழாவா?"

விழாதான். வேறு எப்படித் தொடங்குவது என்று சதாசிவத்துக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பந்தல் போட்டார். நாற்காலி, மைக், ஒலிபெருக்கி எல்லாம் வந்தன. டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவரை அழைத்தார். டத்தோ தமக்குப் பதிலாகச் செயலாளரை அனுப்புவதாகச் சொன்னார். செயலாளர் தமக்குப் பதிலாக லக்ஷ்மன் என்பவரை அனுப்பினார். லக்ஷ்மனும் யாரையாவது அனுப்பியிருப்பார். அவருக்குக் கீழே ஆள் கிடைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை, பந்தலில் நாற்காலிகள் நிறையவே வந்திருந்தன. ஆட்கள்தான் வரவில்லை. சுகுமாறனும் அவன் மனைவி தேன்மொழியும் முன்வரிசையில் இருந்தார்கள். விழா எங்கே நடந்தாலும் படம் பிடித்து முகநூலில் போடும் செல்வா கேமராவோடு அலைந்தான். பின்வரிசையில் பெரியவர் ஒருவர் பலகாரம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரை யாருக்கும் தெரியவில்லை. எல்லா விழாவுக்கும் அப்படி ஒருவர் வேண்டும்.

புஷ்பவள்ளி டாக்சியில் வந்து இறங்கினாள். பந்தலைப் பார்த்தாள். வாசலிலேயே நின்றாள். அதற்குள் மைக் அவளைப் பிடித்துவிட்டது.

"விழா நாயகரான வாகனத்துக்குத் தம் திருப்பெயரை வழங்கிய என் அன்புத் துணைவியார், திருமதி புஷ்பவள்ளி சதாசிவம் அவர்களை, சிறப்பு விருந்தினருக்குச் சந்தனம் குங்குமம் வழங்குமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்."

ஒலிபெருக்கி கீச்சிட்டு அதை ஆமோதித்தது. புஷ்பவள்ளி வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். தட்டுப் பிடிப்பதில் அவளுக்கு அனுபவம் அதிகம். கல்யாணம் ஆனதிலிருந்து எத்தனையோ மேடைகளில், கணவருக்கு ஓர் அடி பின்னால், அவள் தட்டோடு நின்றிருக்கிறாள். எந்தப் படத்திலும் தட்டு முழுசாகத் தெரியும். அவள் பாதி தெரிவாள்.

வண்டிக்குச் சூடம் காட்டினார்கள். நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். விழா முடிந்ததும் வண்டியை முன்னால் நகர்த்தி அவற்றை நசுக்க வேண்டும். பிறகு லக்ஷ்மன் பேசினார். காலையில் ஒரு பாலர் பள்ளியில் பேசிய பேச்சு சட்டைப் பையிலேயே இருந்தது. இளம் வயதிலேயே நல்ல அடித்தளம் போட்டால் இந்தச் சின்னஞ்சிறு மொட்டுகள் நாளை நாட்டையே தாங்கும் என்றார். நாற்பது வயது மொட்டு வெயிலில் பொரிந்துகொண்டு நின்றது. சதாசிவம் கைதட்டினார்.

எல்லோரும் வண்டியின் கதவருகே வந்தார்கள். லக்ஷ்மன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, அவர் கைக்கு மேல் தம் கையை வைத்துக்கொண்டார் சதாசிவம். அழுத்தியதும் இளம் மஞ்சள் நுரை சீறிப்போய்த் தகரத்தில் ஒட்டியது. ஒரு கை அகலத்துக்கு அது கண்ணெதிரே புசுபுசுவென்று பொங்கியது. தேன்மொழி மெய்யாகவே வாய் பிளந்தாள்.

"ஸார், அப்படியே நில்லுங்க" என்றான் செல்வா. "கைய எடுத்துட்டு இங்க பாருங்க. தலைவரே, கொஞ்சம் உள்ள வாங்க. அக்கா, தட்ட ஏத்திப் பிடிங்க. இன்னொண்ணு. கண்ண மூடிட்டாரு ஸார், இன்னொண்ணு."

படம் பிடித்து முடித்துவிட்டு மறுபடி அழுத்தினால் நுரை வரவில்லை. மூக்கு கல்லாகியிருந்தது. சதாசிவம் வேறு மூக்கு மாட்டினார். செல்வாவுக்கு இப்போது இன்னும் நல்ல கோணம் ஒன்று கிடைத்தது. அந்த மூக்கும் போயிற்று. மூன்றாவது மூக்கு, லக்ஷ்மனுக்குப் பொன்னாடை போர்த்தும்போது போயிற்று. அதற்குள் அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பெட்டியில் இன்னும் கொஞ்சம் மூக்குகள் இருந்தன, விருந்தினர்தான் இல்லை. கார் ஏறிப் போய்விட்டார். பின்வரிசைப் பெரியவர் பலகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

சதாசிவம் மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பியபோது புஷ்பவள்ளி தட்டை ஒரு நாற்காலியில் வைத்திருந்தாள். இன்னொரு நாற்காலியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பை உப்பியிருந்தது. அதைச் சதாசிவம் அப்போதுதான் பார்த்தார்.

"என்ன பை இது?"

"ரெண்டு நாளைக்குத் துணி."

"தங்குறதுக்கா வந்த? சொல்லவே இல்ல."

"சொல்ல விட்டீங்களா. நான் வந்தப்ப மைக்கு உங்க கையில இருந்துச்சு."

"இப்ப என்ன ஆச்சு? உள்ள போ. டீ போடுறேன்."

"ஒரு ரெண்டு நாள் யாரும் கூப்பிடாம, சும்மா உக்காந்துட்டுப் போலாம்னு நெனச்சேன். அங்க புள்ள கூப்புடுது. இங்க நீங்க மைக்குல கூப்புடுறீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "நான் போறேன். இப்பப் போனா ஜாம் இருக்காது."

காஸ்வேயில் ஜாம் இல்லை என்று அவள் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

பந்தல்காரர்கள் அடுத்த விழாவுக்கு வேண்டுமென்று மாலையில் வந்து எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போனார்கள். வண்டியை நகர்த்துவது எல்லோருக்கும் மறந்துபோயிற்று. எலுமிச்சம்பழங்கள் டயருக்கடியில் முழுசாகக் கிடந்தன.

செல்வாவின் முகநூலில் படங்கள் வந்தன. சதாசிவம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். லக்ஷ்மன், துப்பாக்கி, தாம், தட்டு. தட்டுக்குப் பின்னால் ஒரு தோள். அந்தத் தோளில் பை இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பெரிதாக்கினால் தட்டுதான் பெரிதாயிற்று.

அதன் பிறகு சில நாள் அவர் யாருக்கும் போன் செய்யவில்லை. அவருக்கும் யாரும் செய்யவில்லை. இதில் முதலாவதுதான் புதுசு.

பிறகு ஒரு காலையில், வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய பேனர்களை எடுத்து வந்தார். தேர்தலுக்கு அடித்தவை, தீபாவளி வாழ்த்துக்கு அடித்தவை, தண்ணீர்க் குழாய் மாற்றியதற்கு நன்றி சொல்லித் தமக்குத் தாமே அடித்துக்கொண்டவை. எல்லாவற்றிலும் அவரே கை கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவற்றை வெட்டிக் கண்ணாடி ஜன்னல்களிலும் தரையிலும் கட்டில் மேலும் டேப் போட்டு ஒட்டினார், நுரை படக் கூடாத இடமெல்லாம். முகமூடியும் மூடிய உடுப்பும் கையுறையும் போட்டுக்கொண்டார். கதவைத் திறந்துவைத்தார். விசையை அழுத்தினார். விளக்கு இல்லை, ரிப்பன் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான், அதுவும் பல பிரதிகளில்.

இந்தத் தடவை நிறுத்தவில்லை. இடது சுவரில் தொடங்கிப் பின்சுவர் வழியாக வலது சுவருக்கு வந்தார். கை கடுத்தது. முகமூடிக்குள் வியர்வை வாய்க்கு இறங்கியது. நடுவில் வெளியே கிடந்த போன் அடித்தது. புஷ்பமாக இருக்குமோ என்று மனசு ஓடியது, கை ஓடவில்லை. சிலிண்டர் வற்றும்வரை அடித்துவிட்டு இறங்கி வந்து பார்த்தார். காப்புறுதிப் பாலிசி விற்கும் பெண் ஒருத்தி கூப்பிட்டு, செய்தியும் விட்டிருந்தாள். அவர் அந்தப் பெண்ணைத் திருப்பிக் கூப்பிட்டு, நலம் விசாரித்துவிட்டு வைத்தார்.

கூரையில் மட்டும் ஆர்வம் மிஞ்சிப்போயிற்று. ஒரே தடவையில் கனமாக அடித்ததில் அது பொங்கித் தொங்கியது. எவ்வளவு சீவியும் தலை நிமிர்ந்து நிற்க முடியவில்லை. பிளைவுட் பலகை அடித்து மூடிய பிறகு, அந்த வண்டிக்குள் போகிற எவரும் குனிந்துதான் போக வேண்டும் என்றாயிற்று. மேடைகளில் நிமிர்ந்தே பழகிய மனிதருக்குக் குனியக் கழுத்து வரவில்லை. நெற்றியில் இரண்டு முறை வாங்கினார். மூன்றாவது முறை கழுத்து கற்றுக்கொண்டது.

சீவுவதற்குப் புஷ்பவள்ளியின் ரொட்டிக் கத்திதான் வாகாக இருந்தது. புட்டு மாவு போல நுரைத்தூள் உதிர்ந்தது. பேனர்களைப் பிய்த்தபோது ஒன்று வரவில்லை. டேப் விட்டுப்போய்ச் சுவரோடு சாய்ந்திருந்தது, அதன் மேலேயே நுரை ஏறி இறுகியிருந்தது. கூப்பிய கை மட்டும் வெளியே தெரிந்தது. இழுத்துப் பார்த்தார். பிறகு அதை அறுத்துவிட்டு, முகத்தை உள்ளேயே விட்டுப் பலகை அடித்தார்.

மருந்து வாடை முழுக்கப் போகட்டும் என்று வண்டியை நாள்கணக்கில் திறந்தே போட்டார். பிறகு ஒரு நடுப்பகலில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டிலிருந்து வயர் இழுத்துப் போட்ட சிறு விசிறியை ஓடவிட்டு உட்கார்ந்தார். குளுமைதான். அதைவிட ஆச்சரியம், சத்தமே இல்லை. ஸ்கூடாய்ப் பெருஞ்சாலையின் இரைச்சல் இல்லை. சுகுமாறன் வீட்டுத் தொலைக்காட்சி இல்லை. ஐஸ்பெட்டிகூட இல்லை. சதாசிவத்துக்கு மூச்சு முட்டுவது போலிருந்தது. சீக்கிரம் வெளியே வந்துவிட்டார்.

புஷ்பவள்ளிக்கு அவர் அனுப்பும் குரல்பதிவுகள் வழக்கமாக "வணக்கம்" என்று தொடங்கி மூன்று பாகமாகப் போகும். அன்று ஒரே வரி அனுப்பினார்.

"குளுமையா இருக்கு. வா."

அவள் அடுத்த சனிக்கிழமை வந்தாள். அதே துணிப்பை. பந்தல் இல்லையென்று தெருமுனையிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் வந்திருப்பாள். நடையில் தயக்கம் இல்லை. சதாசிவம் வண்டிக் கதவைத் திறந்துவிட்டார். முன்பக்கம் ஸ்டியரிங்குக்கு மேல் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். பொந்தியான் கடற்கரை, அங்கிருந்து மேலே. போகிற வழியில் பெக்கான் நானாஸில் அன்னாசி வாங்குவதைக்கூடக் குறித்திருந்தார். அதை அவள் பார்க்கவில்லை. குனிந்து உள்ளே போனாள். அவளுக்குக் குனிவது சிரமமாக இல்லை.

சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நீங்க பண்ணினீங்களா?"

"நான்தான்."

"யாரு வந்து தொறந்து வச்சா?"

"யாரும் இல்ல."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நெற்றியில் இருந்த வீக்கத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவர் நினைத்தார்.

"கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" என்றாள்.

அவர் இறங்கினார். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. மத்தியானத்து ஜொகூர் மழை, யார் பேச்சையும் கேட்க விடாத மழை. போர்ச்சின் தகரத்துக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உள்ளே அவளுக்கு இந்தச் சத்தம் கேட்காது என்பது நினைவுக்கு வந்தது. பெருமையாக இருந்தது. அவள் இருமினாலும் கூப்பிட்டாலும் அழுதாலும் தமக்கும் கேட்காது என்பது அதற்குப் பிறகு நினைவுக்கு வந்தது. டீ போட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டலாமா என்று கையை ஓங்கி, அப்படியே இறக்கிக்கொண்டார். டீயைத் தாமே குடித்தார்.

மழை விட்டு வெகுநேரம் கழித்துப் புஷ்பவள்ளி கதவைத் திறந்தாள். கன்னத்தில் தலையணை வரி விழுந்திருந்தது. கண் சிறுத்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவளை இப்படி முழுசாகத் தூங்கி எழுந்த முகத்தோடு பார்த்ததாக அவருக்கு நினைவில்லை.

"மழ பேஞ்சுச்சா?"

"பேஞ்சுச்சு."

"தெரியவே இல்ல." படியில் உட்கார்ந்து தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். "நான் மாசத்துல ஒரு சனி ஞாயிறு வர்றேன். பிரவீனாகிட்ட சொல்லிக்கிறேன்."

சதாசிவம் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தார். வரைபடத்தை எடுக்கக் கை போயிற்று. "மொதல்ல பொந்தியான் போலாம். அப்புறம்—"

"எங்கயும் வேணாம். இது இங்கயே நிக்கட்டும்."

"நின்னா? ரெண்டு பேரும் இதுல உக்காந்து என்ன பண்றது?"

"ரெண்டு பேரு எதுக்கு? உங்களுக்குத்தான் வீடு இருக்கே." அவள் கையை நீட்டினாள். "சாவி குடுங்க."

"புஷ்பம், இது நம்ம ரெண்டு பேருக்கும்னு—"

"நெத்தியில என் பேருதான எழுதியிருக்கீங்க."

சாவியைக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு, அவர் கை மேல் ஒரு கணம் கையை வைத்தாள். வைத்த கை உள்ளே தூங்கி வந்த குளுமையோடு இருந்தது.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றாள். மேடையில் அவர் கேட்ட பாராட்டு எல்லாவற்றையும்விட இது சிறியது.

ராத்திரிக்கு இரண்டு பேருமாக வீட்டில் தோசை சாப்பிட்டார்கள். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வண்டிக்குப் போனாள். காலையில் அவர் எழுந்து வந்தபோது அந்தக் கதவு இன்னும் சாத்தியே இருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் வண்டியைச் சுற்றி வந்தார். டயருக்கடியில் எலுமிச்சம்பழங்கள் கறுத்துச் சுருங்கிக் கிடந்தன. மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசி ஒன்று பின்டயருக்கடியில் இறுகியிருந்தது. தரையில் தாடை படக் குனிந்து, விரலைவிட்டு நோண்டினார்.

வேலியில் சுகுமாறனின் தலை தெரிந்தது.

"என்ன தலைவரே, கும்பிடு போடுறீங்க? அக்கா வந்தாச்சு போல. எப்பப் பயணம்?"

சதாசிவம் விரலை உதட்டில் வைத்தார். "மெதுவா பேசுடா. தூங்குறா."

"நீங்கதான் நுரை அடிச்சிருக்கீங்களே. நான் இங்க நின்னு நாதஸ்வரம் வாசிச்சாலும் கேக்காதுலா."

"கேக்காதுதான்" என்றார் சதாசிவம், குரலைத் தாழ்த்தியே.